வேட்டி ஓரத்தில் ஒரு ‘ப’

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே பெட்டி கட்டிய வருஷம் என்னையும் காஞ்சீபுரத்துக்கு, அம்மா வீட்டுக்கு, அனுப்பிவைத்தார் என் வீட்டுக்காரர். ஆபீஸ் இருக்கிறதென்று அவர் மட்டும் மயிலாப்பூரில் தங்கிக்கொண்டார். நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தேன். ஆள் இளைத்திருப்பார் என்று பார்த்தால் கன்னம் உப்பியிருந்தது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு மாதம் போயிற்று. ஒருநாள் சலவையிலிருந்து வந்த அவர் வேட்டியை மடிக்கும்போது ஓரத்தில் கறுப்பாக ஒரு ‘ப’ தெரிந்தது. பக்கத்தில் ஒரு புள்ளி. பெயரைச் சுருக்கி எழுதுவோமே, அப்படி.

டோபி குறி எனக்குத் தெரியாதா என்ன? பழைய டோபி இரண்டு பெருக்கல் குறி போடுவான். அவன் ஊரைவிட்டுப் போனபின் இவர் அமர்த்தியிருந்த புது டோபியம்மாவுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. ஆகையால் இது எழுதத் தெரிந்த ஒருத்தியின் வேலை. எதிர்வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுப்பவள் பெயர் ‘ப’வில்தான் ஆரம்பம். அவள் சிரிப்பும் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

“யார் இந்தப் ‘ப’?” என்று வேட்டியை அவர்முன் விரித்தேன். “எனக்கென்ன தெரியும்?” என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். தப்பு செய்யாதவர் என்றால் தலையைத் தூக்க வேண்டாமோ? அன்றிலிருந்து பேச்சை நிறுத்தினேன். ஒன்பது நாள் வட்டில் மட்டும்தான் சத்தம் போட்டது. வந்து அழைத்துப் போகும்படி அண்ணனுக்குக் கார்டும் எழுதிவிட்டேன். எழுதும்போது அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அண்ணன் வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில் டோபியம்மா மூட்டையோடு வந்தாள். போகிறபோது கேட்டுவிட்டாவது போவோமென்று, அந்த எழுத்தை யார் எழுதினார்கள் என்றேன்.

“எய்த்தா? எனக்கேதும்மா எய்த்து? ரெண்டு கோடு நின்னுகினு இருந்தா ரெண்டாவது தெரு. கீய ஒரு கோடு இஸ்தா மூல ஊடு.”

“அப்போ புள்ளி?”

அவள் தயங்கி என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் இப்போது தலையைத் தூக்கியிருந்தார்.

“அது மொதல்ல இல்லம்மா. நீங்க வந்தப்பறம் வெச்சது. துணிய வெளிச்சத்துல புடிச்சிப் பாத்து கொற சொல்ற அம்மா கீற ஊட்டுக்கு மட்டும் ஒரு புள்ளி. தொவைக்கிறவங்க உசாரா இருக்கணும்ல.”

அவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. இவரே சொல்லிக்கொடுத்து இவளைப் பேசவைத்திருப்பார், இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊருக்குக் கிளம்புவதற்காகச் சலவைப் புடவை ஒன்றைக் கட்டியிருந்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த முனையை உருவிப் பார்த்தேன்.

அங்கேயும் ‘ப’. பக்கத்தில் புள்ளி, வேட்டியில் இருந்ததைவிடக் கொஞ்சம் பெரியதாக.

வாசலில் அண்ணனின் குரல் கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. “என்ன விசேஷம், இவ்வளவு அவசரமாகக் கார்டு?” என்று அவன் கேட்க, என் வீட்டுக்காரர் சொன்னார்: “உங்களைப் பார்க்கணும்போல இருக்குன்னாள். அவ்வளவுதான்.”