ஹார்ன் வாயில் தெர்மாகோல்

1. முதல் நாள்

சந்தாபுரா பக்கத்தில் இருந்த அந்தச் சால்வென்ட் ஆலைக்கு நான் போன முதல் நாள், கன்ட்ரோல் ரூமில் முதலில் கண்ணில் பட்டது சுவரில் இருந்த அலாரம் ஹார்ன். அதன் வாயில் தெர்மாகோலைத் திணித்து, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் பொறியாளர், ஆலைகளின் அளவுக் கருவிகளையும் அலாரங்களையும் பார்ப்பவள். முந்தின வாரம் அங்கே ஒரு டேங்க் நிரம்பி வழிந்திருந்தது. டேங்கின் சுற்றுச்சுவருக்குள்ளேயே, எளிதில் தீப்பிடிக்கும் அந்தக் கரைப்பான் தேங்கி நின்றது, பக்கத்தில் தீப்பொறி ஏதும் இல்லை. இருந்திருந்தால் நான் விசாரணைக்கு அல்ல, துக்கத்துக்குத்தான் போயிருப்பேன். அலாரம் அடித்திருக்கிறது. ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் சேகர் நாற்காலியை விட்டு எழுந்து பார்க்கவில்லை.

மேனேஜர் ரங்கநாத் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்.

"நோடி, பாருங்க மேடம், ஹார்னையே அடைச்சவனை வச்சுக்கினு நான் எப்படி பிளான்ட் ஓட்டறது? தப்பு அவன் மேலன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

சேகர் தெர்மாகோலை மறுக்கவில்லை.

"நான்தான் வச்சேன் மேடம். காலைல இருந்து கத்திக்கினே இருக்கும். ஆனா இதுக்காக வேலையை வுட்டு எடுத்தா, அலாரத்துக்கு எழுந்திருக்காதவன்னு பேரு வரும். வேற எந்த கெமிக்கல் கம்பெனியும் என்னை உள்ள சேக்காது."

2. நாற்காலி

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி வளர்ந்தவள் நான். வீட்டுக்கு வருகிறவர்கள், "இந்தச் சத்தத்துல எப்படித்தான் தூங்கறீங்களோ" என்பார்கள். எந்தச் சத்தம் என்று நாங்கள் விழிப்போம். அதனால் எனக்குச் சேகர் மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் அலாரங்களை அப்படி அமைத்தவர்கள் மேல்தான். அவர்களும் என்னைப் போன்ற பொறியாளர்கள் என்பதுதான் வெட்கம்.

ரங்கநாத்திடம், ஒரு காலைப் பொழுது மட்டும் சேகரின் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

முதல் அலாரத்துக்குத் திரையை உற்றுப் பார்த்தார். வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்த பம்ப், "நின்றுவிட்டது" என்று கத்தியது. அடுத்தது டேங்க் லெவல், வழக்கமான மட்டத்திலேயே "அதிகம்" என்றது. அவர் ஒவ்வொன்றுக்கும் அக்னாலெட்ஜ் பட்டனை அழுத்தி ஹார்னை நிறுத்தினார். டீ வரும் நேரத்தில் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே இருந்தார். ஹார்ன் அடித்தது. திரையைப் பார்க்காமலே கை போய் பட்டனை அழுத்தியது.

அவர் போனை வைத்ததும் கேட்டேன்.

"இப்ப அடிச்சது எந்த அலாரம் சார்?"

திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாவம், டீயும் ஆறிப்போயிருந்தது.

"சரி, ரிப்போர்ட் இருக்கட்டும். மொதல்ல இதைச் சரி பண்ணுங்க" என்றார்.

3. அமைதி

நாங்கள் மூவரும் உட்கார்ந்து ஒவ்வொரு அலாரத்திடமும் ஒரே கேள்வி கேட்டோம்: நீ அடித்தால் சேகர் என்ன செய்ய வேண்டும்? பதில் இல்லாததை எடுத்தோம். அளவு தவறியதைத் திருத்தினோம். சால்வென்ட்டைக் காய்ச்சி வடிக்கும் கோபுரம் ஒன்றின் அடிப்பகுதியில், "வெப்பம் குறைவு" என்ற அலாரம் அடிக்கக்கூடாது என்பதற்காகவே எல்லா ஷிப்டிலும் நீராவியைக் கூட்டி வைத்து ஓட்டியிருக்கிறார்கள். அந்த அளவைச் சரிசெய்ததும் நீராவிச் செலவு குறைந்தது. ரங்கநாத் முகத்தில் முதல்முறையாக உண்மையான சந்தோஷத்தைப் பார்த்தேன்.

வேலை முடிந்த சில நாளில், ஒரு மதியம், நானும் ரங்கநாத்தும் கன்ட்ரோல் ரூமில் இருந்தோம். ஹார்ன் அடித்தது, அறை அதிர. நான் திரைப் பக்கம் திரும்பினேன். சேகர் அதற்குள் எழுந்துவிட்டார்.

"கூலிங் வாட்டர் பிரஷர் எறங்குது சார்."

ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சருக்குத் தண்ணீர் வராமல் போனால் சால்வென்ட் ஆவி வெளியே வந்துவிடும். சேகர் நீராவியைக் குறைத்து, மாற்றாக இருந்த ஸ்டாண்ட்பை பம்பை ஓடவிட்டார். பிரஷர் மெல்ல ஏறியது. அப்போதுதான் ஹார்னை நிமிர்ந்து பார்த்தேன். தெர்மாகோல் இல்லை. நான் எடுக்கவில்லை. ரங்கநாத்தும் இல்லையென்று தலையாட்டினார்.

"நான்தான் மேடம் எடுத்தேன். ரெண்டு நாளா சத்தமே இல்ல. அடிச்சு எனக்குத்தான் கேக்கலயோன்னு பயமாப் போச்சு" என்றார் சேகர்.

பாதுகாப்புக்கு இன்னும் எங்கெங்கே அலாரம் வைக்கலாம் என்று இளம் பொறியாளர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இருப்பதில் எதை எடுக்கலாம் என்று முதலில் பாருங்கள் என்பேன்.

அன்று மாலை ரிப்போர்ட்டை முடிக்கும்போது, சேகர் பெயரை எந்த இடத்தில் எழுதட்டும் என்று ரங்கநாத்திடம் கேட்டேன்.

"கூலிங் வாட்டர் விஷயத்துல எழுதுங்க மேடம்" என்றார்.