புருவத்தில் ஒரு நிமிடம்

என் கணவரின் கோச் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அடுக்களையில் சாளை கழுவிக்கொண்டிருந்தேன். வந்தவர் உட்காரவே இல்லை.

"போட்டிக்கு நீதான் மூலையில நிக்கணும் மக்கா. ரத்தம் நிறுத்துற பயலுக்கு விசா வந்தாச்சு, அவன் கல்ஃபுக்குப் போறான். வேற ஆளில்ல."

என் கணவர் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரர். காலையில் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுவார், மாலையில் காட்டாக்கடையில் பயிற்சி. சென்னை, பெங்களூர் என்று எங்கிருந்தாவது கடைசி நேரத்தில் கூப்பிடுவார்கள். அந்த ஊர்ப் பையன் ஜெயிப்பதற்கு ஓர் எதிராளி வேண்டும், அவ்வளவுதான். முதலில் தோற்றார். பிறகு தோற்கப் போன இடங்களிலெல்லாம் ஜெயித்து, வாய் வீங்கிச் சிரித்தபடி பஸ்ஸில் வந்து இறங்கினார். அப்படி ஏறி ஏறித்தான் தென்மண்டலப் பட்டத்துக்கான போட்டி கிடைத்தது. அதுவும் நெய்யாற்றின்கரையில், எங்கள் ஆட்களின் முன்னால்.

கல்யாணமானதிலிருந்து ஒரு போட்டியைக்கூட நான் பார்த்ததில்லை. போன் வரும்வரை வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன். பாறசாலையில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ் நான். ரத்தம் எனக்குப் புதிதில்லை. அவருடைய ரத்தம்தான் பயம்.

"அவரு அடி வாங்குறதப் பாக்க எனக்குப் பேடியாக்கும் சாரே."

"நீ அடியப் பாக்காண்டாம். முறிவ, ரத்தம் ஒழுகுற காயத்த மட்டும் பாரு."

சம்மதித்துவிட்டேன். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஒரு நிமிடம்தான். அதற்குள் துடைத்து, மருந்தில் நனைத்த பஞ்சைக் காயத்துக்குள் வைத்து அழுத்தி, மேலே வாஸ்லின் களிம்பு பூச வேண்டும். பழகுவதற்காக மாலைகளில் கோச் கையில் கடிகாரத்தோடு நிற்க, என் கணவர் முக்காலியில் உட்கார்ந்து நெற்றியை நீட்டுவார். காயமில்லாத புருவத்தில் நான் பஞ்சை அழுத்துவேன். "கூச்சமா இருக்கு எட்டி" என்று அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

போட்டி நடந்தது ஒரு ஆடிட்டோரியத்தில். மதியம் அங்கே ஒரு கல்யாணம் நடந்திருந்தது. வாசலில் பூ வளைவு அப்படியே நின்றது. அதற்குக் கீழே நுழைந்து பூவார்க் கடற்கரை ஆட்களும் அம்பூரி ரப்பர்க்காரர்களும் நாற்காலிகளை நிரப்பிவிட்டார்கள். அவர் பெயரைச் சொன்னதும் எழுந்த இரைச்சலில் என் நெஞ்சு குதித்தது. பயம் என்று நினைத்தேன். முதல் மணி அடித்தபிறகு பயமில்லை என்று தெரிந்தது. எழுந்து நின்று கத்தவேண்டும் போலிருந்தது எனக்கு!

எதிராளி பெங்களூர்க்காரன், உயரம், நீளக் கை. தூரத்தில் நின்றே குத்தினான். என் கணவர் குனிந்து குனிந்து உள்ளே புகுந்தார். அவர் கால் இவ்வளவு அழகாக நகரும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் கட்டில் காலில் இடித்துக்கொள்கிற மனிதர்!

நான்காவது சுற்றில் ஒரு நேர்க்குத்து அவருடைய இடது புருவத்தைப் பிளந்தது. முகம் பாதி சிவந்துபோயிற்று. மணி அடித்ததும் கயிற்றுக்குள் பாய்ந்தேன். போட்டிக்கென்று வந்திருந்த டாக்டரும் குனிந்து பார்த்தார்.

"சிஸ்டரே, இனியும் கண்ணுல ஒழுகினா நான் நிறுத்திருவேன்."

நிறுத்தினால் தோல்வி. தலை மோதி வந்த காயமென்றால் வேறு கணக்கு; இது எதிராளியின் குத்தால் உண்டானதல்லவா. பஞ்சை உள்ளே வைத்து முழு பலத்தோடு அழுத்தினேன்.

"கண்ணு காணுதா?"

"காணுது. நீ பேடிக்காத. அவனுக்கு மூச்சு முட்டுது, வலது விலா தொறந்து கெடக்குது."

"அப்ப அங்கயே குடுங்க!" என்று நான் கத்தினேன். கோச் என்னைத் திரும்பிப் பார்த்தார். அது அவர் சொல்லவேண்டிய வார்த்தை.

ஐந்தாம் சுற்று முழுக்க ரத்தம் இறங்கவில்லை. ஆறில் மறுபடியும் கசிந்தது. மறுபடியும் அடைத்தேன். டாக்டர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

ஏழாவது சுற்றில் பெங்களூர்க்காரன் நீள வலது கையை வீசினான். என் கணவர் அதற்கு அடியில் நுழைந்து, இடது கையால் விலாவுக்குக் கீழே ஒரே ஒரு குத்து கொடுத்தார். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அவன் ஓரடி பின்னால் போனான், ஏதோ யோசிப்பதுபோல் நின்றான், பிறகு முட்டுக்குத்தி உட்கார்ந்துவிட்டான். நடுவர் எண்ண ஆரம்பித்தார். அரங்கமே கூட எண்ணியது. மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி. பத்து வந்தபோது எண்ணிக்கையே யாருக்கும் கேட்கவில்லை.

"எலே, ஜெயிச்சாச்சுலே!" என்று யாரோ நாற்காலிமேல் ஏறிக் கத்தினார்கள். வளையத்துக்குள் எப்படி ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் முதலில் எதிராளியைத் தூக்கி நிறுத்தி, முக்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"தண்ணி உண்டா எட்டி?" என்று கேட்டார். பட்டம் ஜெயித்தபின் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

மறுநாள் புருவத்தில் தையலோடு அவர் படகுக்குப் போனார். நான் டியூட்டிக்குப் போனேன். பத்திரிகையில் வந்த படத்தை யாரோ வெட்டி எங்கள் வார்டு சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதில் இடுப்பில் பட்டத்தின் பெல்ட்டோடு அவர் அமைதியாக, கொஞ்சம் வெட்கத்தோடு நிற்கிறார். பக்கத்தில் இரண்டு கையையும் தூக்கி, வாயை முழுக்கத் திறந்து அலறிக்கொண்டிருப்பது நான்.