பாதியில் விட்ட ஆட்டம்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சித்தப்பா சொல்வார். விருதுநகரில் கல்லூரி படித்த காலத்தில் விடிந்ததும் குண்டு எறிவேன், மத்தியானம் வாலிபால், சாயங்காலம் கபடி. மூன்றிலும் பல்கலைக்கழக அணிக்குப் போனேன். மெடல்களை அவர் வீட்டுக்கே கொண்டுபோய், "மூணு மரம் வெட்டியாச்சு சித்தப்பா, நாலாவது எங்கன இருக்கு?" என்று கேட்டேன். வாயாடி என்று அன்றைக்கே பெயர் வாங்கியாகிவிட்டது. அந்த வாயை வைத்துத்தான் இன்றுவரை பிழைக்கிறேன்.

இப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் கோச். என் பிள்ளைகளில் பலருக்கு ஊர் ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டைப் பக்கம். அம்மாக்கள் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். "இதுகளுக்குக் கவனம் நிக்காது" என்று மற்ற கோச்சுகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன சீசனில் சிவகாசியில் கபடி அரையிறுதி. ஜெயித்தால் எங்கள் கல்லூரி முதல்முறையாக இறுதிப் போட்டிக்குப் போகும். இரண்டாம் பாதியில் நாங்கள்தான் முன்னால் இருந்தோம். அப்போது மேற்கே ஒரு சத்தம் கேட்டது. சரக்கைச் சோதிக்க வெடிக்கும் சத்தம் எங்களுக்குப் பழக்கம். இது அதுவல்ல, பாதத்துக்குக் கீழே அதிர்ந்தது.

எதிர்க்களத்தில் பாடிக்கொண்டிருந்த எங்கள் கேப்டன் மூச்சை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள். மற்ற ஆறு பேரும் அவளோடு கோட்டைத் தாண்டிப் பைகளுக்குப் பாய்ந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த எதிரணிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் டைம் அவுட் கேட்டேன்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாட்ச்மேனுக்கோ வேன் டிரைவருக்கோதான் அடிக்க வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் "ஒண்ணுமில்ல" என்று பதில் வந்துவிட்டது. கேப்டனுக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை.

"டைம் முடிஞ்சிருச்சு மேடம். அந்தப் பொண்ணை விட்டுட்டு மத்தவங்கள எறக்குங்க. இல்லன்னா மேட்ச் அவங்களுக்கு" என்றார் நடுவர்.

பிள்ளைகளைப் பார்த்தேன். எல்லோரும் கேப்டனைச் சுற்றி நின்றார்கள். "நாங்க போகல மேம்" என்றாள் ஒருத்தி.

"அவங்களுக்கே எழுதிக்கோங்க சார்" என்றேன்.

"விளையாட்டுன்னா மன உறுதி வேணும் மேடம்."

"அது இருக்கப் போயித்தான் சார் நிக்காளுக. இல்லாட்டி அழுதுக்கிட்டே ஆடியிருப்பாளுக."

அவர் எழுதிவிட்டார். அதற்குப் பிறகுதான் வாட்ச்மேன் எடுத்தார். கல்குவாரியில் வைத்த வெடியாம். அம்மா நன்றாக இருக்கிறாளாம். கேப்டன் மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள், பிறகு தோற்றதை நினைத்து அழுதாள். எனக்கும் வயிறு எரிந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஊர் திரும்பும் வழியிலேயே கல்லூரி முதல்வர் போனில் கூப்பிட்டார். ஆட்டத்தை விட்டு வெளியேறியதற்கு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் வேறு கோச். காலையில் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கில்லை. ஒரு வரி எழுதித் தந்தால் என்ன குறைந்துவிடும் என்று மனசு ஒரு பக்கம் இழுத்தது.

கேப்டனை அவள் ஊரில் இறக்கிவிட்டபோது அவள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கழுவியும் போகாத பட்டாசு மருந்து விரலிடுக்கில் வெள்ளியாக மினுங்கியது.

"என்ன டீச்சர், எனக்காகப் போயி செயிக்கிற ஆட்டத்த விட்டுட்டு வந்தீகளாமே?"

"தப்பாக்கா?"

அவள் மகளின் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "முன்ன ஒருக்கா பக்கத்துக் கம்பெனியில வெடிச்சப்ப, ஆர்டர் அவசரம், லோடு முடிச்சிட்டுப் போங்கன்னு எங்கள நிறுத்தி வச்சாக. நாங்களும் முடிச்சிட்டுத்தான் போனோம். அங்கன கெடந்தது எந் தங்கச்சி, டீச்சர்."

மறுநாள் காலை முதல்வர் வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் திருப்பி நகர்த்தினேன்.

"எழுத மாட்டேன் சார். வேற கோச் பாக்குறதுன்னா பாருங்க. ஆனா அவங்க கிட்டயும் சொல்லிருங்க, சத்தம் கேட்டா இந்தப் பிள்ளைக வெளிய வந்துருவாளுகன்னு. நான் அப்படித்தான் பழக்கியிருக்கேன்."