மூன்று கல்லும் மலை நெருப்பும்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தக் காட்டூரில் தை மாதத்து வெயில் பத்து மணி தாண்டித்தான் எங்கள் வீட்டு வளவுக்கு வரும். எதிர்மலையில் ஊசியிலை மரங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. சூரியன் அவற்றின் தலைக்கு மேலே ஏறி வரும்வரை பள்ளத்தாக்கு முழுக்க நிழலும் பனியும்தான். பிறகு கொஞ்ச நேரம் மஞ்சள் வெயில். அவ்வளவுதான் பகல்.

அந்த வெயிலில் ஒரு பானை பொங்கி வழிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது குற்றமாகிப் போனது.

என் கணவர் காலமான வருடம் நாங்கள் பொங்கவில்லை. அடுத்த தை வந்ததும் மகனிடம் சொன்னேன்: "தம்பி, இந்த முறை வெளியிலதான் பொங்குவன். அந்தக் கண்ணாடி அடுப்பில ஏலாது."

கண்ணாடி அடுப்பில் பால் எழும்பும்போதே மருமகள் ஓடிவந்து சூட்டைக் குறைத்துவிடுவாள். வழிந்தால் கறை பிடிக்குமாம். வழியாத பொங்கல் என்ன பொங்கல்?

"ஓம் அம்மா, செய்யுங்கோ," என்றான் மகன். அவனுக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை.

ஓடைக்கரையில் மூன்று கல் பொறுக்கினேன். விறகுதான் பிரச்சினை. இங்கே சிரட்டைக்கும் பாளைக்கும் எங்கே போவது? காட்டு விறகெல்லாம் பனியில் ஊறிக் கிடந்தது. அப்போதுதான் தெருவைப் பார்த்தேன். நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, வீட்டுக்குள் சோடித்து வைத்த மரங்களை எல்லோரும் வாசலில் கொண்டுவந்து எறிந்திருந்தார்கள். ஊர்த் தீயணைப்புக்காரர்கள் ஒரு சனிக்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். எறிந்த மரம்தானே என்று பக்கத்து வீட்டுக்காரியின் மரத்தை இழுத்துவந்து, கொப்புக் கொப்பாக முறித்து அடுக்கினேன். ஹீற்றர் சூட்டில் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. நல்ல விறகு கிடைத்துவிட்டது என்று எனக்குள் பெரிய சந்தோஷம்.

அது பிசின் மரம் என்று என் புத்திக்கு எட்டவில்லை. நெருப்பு வைத்ததுதான் தாமதம், படபடவென்று வெடித்துச் சுவாலை என் தலைக்கு மேலே எழும்பியது. கரும்புகை கூரையைத் தாண்டிப் போனது. ஆனால் பானைக்கு அருமையான சூடு. வெயிலும் வந்துவிட்டது. பால் நுரைத்து ஏறத் தொடங்கியது.

பக்கத்து வீட்டுக்காரி யன்னலில் நின்று பார்த்தாள். எத்தனையோ வருடமாக என்னைத் தெரியும். நான் கொடுத்த வடையைத் தின்றவள். வேலிக்கு வந்து, என்ன செய்கிறாய் என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ரெலிபோனை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஊர்மண்டபக் கூரையிலிருந்து தீயணைப்புச் சங்கு ஊதியது. சிவப்பு வண்டி வந்து எங்கள் வாசல் படலையில் நின்றது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், இறைச்சிக்கடைக்காரர், இன்னும் இரண்டு பேர், எல்லோரும் தலைக்கவசத்தோடு இறங்கினார்கள். இந்த ஊரில் தீயணைப்புக்காரர்களும் அவர்கள்தான். பால் பானையின் கழுத்துக்கு வந்துவிட்டது.

"தம்பி, ஒரு நிமிசம் நிக்கச் சொல்லடா! பொங்கப் போகுது!"

மகன் சொல்லவில்லை. பஸ்காரர் சவளால் பனியை அள்ளி அடுப்பில் போட்டார். பாதி பானைக்குள் விழுந்தது. ஏறிய பால் சாம்பலோடு அப்படியே இறங்கிப் போனது.

எனக்குப் பிற மனிதருக்கு முன்னால் நாக்கு எழும்பாது. மகன்தான் பேசினான். முதுகு வளைந்து, கை பிசைந்து, ஆளுக்கு ஆள் மன்னிப்புக் கேட்டான். அம்மாவுக்கு வயது போய்விட்டது, ஒன்றும் விளங்காது என்றான். இந்த ஊர்ப் பாஷை டொச், அவ்வளவுக்கு எனக்கு விளங்கும்.

அவர்கள் போனபின் கேட்டேன்: "எனக்கு விளங்காதோ?"

"அம்மா, சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான்."

"உன்ர கதைக்கு நானோ கிடைச்சன்?"

மாசியில் ஒரு பின்னேரம் மகன் என்னை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஊரே அங்கே நின்றது. நடுவில், வாசல்களில் எறிந்த அதே நத்தார் மரங்களை வீட்டு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். பனிக்காலத்தைத் துரத்துவதற்காம். பஸ்காரர் பந்தத்தை வைத்தார். சுவாலை காட்டு மரங்களுக்கு மேலே போனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி கிளாசில் சுடச்சுட ஏதோ குடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

என் நெஞ்சு எரிந்தது. கால் தானாக அவளிடம் போனது. வாழ்க்கையில் முதல்தரம் நானாக வாய் திறந்து, எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன்: "இதுவும் நெருப்பு."

அவள் திகைத்துப் போனாள். பிறகு பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "ஓம், ஆனால் இது பதிந்த நெருப்பு. ஊர்க் கந்தோரில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிப் பதிந்தது."

நான் மகனிடம் திரும்பினேன்.

"அப்ப நீயும் போய்ப் பதி. அடுத்த தைக்கு. ஒரு பானை, மூண்டு கல்லு எண்டு சொல்லு."

"அம்மா, ஒரு பானைக்கு ஆர் போய்ப் பதியிறது? கந்தோரில சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். நீ முதுகை நிமித்திக்கொண்டு நிண்டு சொல்லு. உன்னால ஏலாதெண்டால் என்னைக் கூட்டிக்கொண்டு போ, நான் சொல்லுறன்."

அவன் நெருப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். நெருப்பு அடங்குமுன் நான் தனியாக இறங்கி வந்தேன். வளவில் மூன்று கல்லும் பனிக்குள் புதைந்து கிடந்தன. காலால் பனியைத் தள்ளிவிட்டேன். கல் அங்கேயே கிடக்கட்டும். யாரையும் எடுக்க விடமாட்டேன்.