சீசனுக்குப் பூக்காத செடிகள்

போன மாசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கொடைக்கானல் கடைத்தெருவில் இருக்கும் விதைக்கடைக்கு நானும் என் மனைவியும் செடிப் பட்டியலோடு போனோம். கிழமையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பிறகு வரும்.

அவள் ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். ஓய்வு பெற்ற மறுவாரமே சொல்லிவிட்டாள். "இனிமே வருஷா வருஷம் வெதைச்சு, காஞ்சதும் பிடுங்குற சோலி வேண்டாம். ஒரு தடவ நட்டா நின்னு பூக்கணும். சமையக்கட்டு ஜன்னல்ல நின்னு நான் பாக்கணும்."

நின்று பூப்பவற்றைப் பல்லாண்டுச் செடிகள் என்று தோட்டப் புத்தகங்கள் சொல்கின்றன. எங்கள் வீட்டில் அந்தப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் குளிர்நாட்டார் எழுதியவை. அவர்களுடைய ஜூலை வேறு, நம் ஆடிச் சாரல் வேறு. அதனால் நான் அதிகம் நம்புவது என் கண்ணைத்தான். ஏரியைச் சுற்றி நடக்கும்போது எந்த வேலியோரம் எது முதலில் பூத்தது என்று தேதி போட்டு வைப்பது என் பழக்கம். பேரிக்காய் மரம் இந்த வருடம் முந்திப் பூத்ததா, பிந்தியா என்று கேட்டால் உடனே சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

அந்த வாரம் மாலை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் நர்சரிப் பட்டியல்தான். நிறத்தைப் பற்றி நாங்கள் பேசவே நேரமாயிற்று. முதல் கேள்வி காட்டுமாடு. முந்தின வருடம் வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து, கார்னேஷன் பூக்களை மட்டும் மேய்ந்துவிட்டு, காம்புகளை எங்களுக்கு விட்டுப் போயிருந்தது. ஆகவே வாசனை தூக்கலாக இருப்பதும், வாயில் வைத்தால் கசப்பதும்தான் தேர்வில் நின்றன. அடுத்தது உறைபனி. தோட்டத்தின் கீழ்ச்சரிவில் தை மாதம் புல் வெளுத்துக் கிடக்கும். அங்கே எது தாங்கும்? இப்படிச் சலித்துச் சலித்து, அகபாந்தஸ், டே லில்லி, அல்ஸ்ட்ரோமீரியா என்று ஒரு வரிசையைப் பிடித்தோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே பூக்கும் மாதத்தை நான் எழுதினேன். எல்லாமே மே மாதத்தில் வந்து விழும்படி அமைத்திருந்தேன். இந்த ஊரில் எதற்கும் கோடை சீசன்தான் கணக்கு. சுவருக்கு வெள்ளையடிப்பது, தகரம் மாற்றுவது, நாய்க்கு ஊசி போடுவது வரைக்கும் சீசனுக்கு முன்னால் முடிந்தாக வேண்டும். பூவும் அப்படித்தானே?

விதைக்கடை பாய் வருடத்துக்கு ஒரு முறைதான் எல்லாருடைய ஆர்டரையும் சேர்த்து நர்சரிக்குச் சொல்வார். பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், அட்டெண்டன்ஸ் மாதிரி கட்டம் போட்டுக் கொண்டாந்திருக்கீங்க?"

"சார் வேல அது. பூக்குறதுக்கே தேதி குடுத்துருவாரு."

"காட்டுமாட்டுக்கு ஒரு காப்பி குடுத்தாச்சா சார்?"

"அது திங்காததாப் பாத்துத்தான் எடுத்திருக்கோம் பாய்" என்றேன்.

"அது அவ்வளவு படிச்சிருக்காதே" என்று சொல்லிவிட்டு, நினைவு வந்தவராக அவளிடம் திரும்பினார். "ஆமா டீச்சர், சீசனுக்கு வீட்டக் கேட்டுட்டாங்க. போன தடவ வந்த மதுரைக்காரங்கதான். மே மாசம் பூரா வேணுமாம். வழக்கம் போலக் குடுத்துரலாமா?"

எங்கள் தெருவில் பல வீடுகளில் உள்ள வழக்கம் இது. சீசனில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவோம். எங்களுக்குக் கன்னிவாடி, அவளுடைய தம்பி வீடு. ஆள் பிடித்துக் கொடுப்பவர் பாய்.

"குடுத்துருங்க. நாங்க ஏப்ரல் கடைசியிலயே எறங்கிருவோம்" என்றாள். சொன்னவளின் கை பட்டியல் மேல் அப்படியே நின்றது.

"ஏங்க, இதுல எது எது மே மாசம் பூக்கும்?"

"எல்லாமே" என்றேன் பெருமையாக. சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் விளங்கிவிட்டது.

முதலில் சிரித்தது அவள்தான். பிறகு சிரிப்பு நின்றது. "இத்தன வருஷமா என் பூவ நான் வாடகைக்கு வந்தவங்க அனுப்புற போட்டோலதான் பாத்திருக்கேன். யார் வீட்டுப் புள்ளையோ நடுவுல நிக்கும். இதையும் அப்படித்தான் பாக்கணுமா?"

பாய் தயங்கினார். "அப்ப இந்த வருஷம் வீட்டக் குடுக்க வேணாம்னு சொல்லிரவா?"

"வேணாம் வேணாம். கீழ மாம்பழத்த யாரு திங்கிறது? வீடு அவங்களுக்குப் போகட்டும். பூ எனக்கு."

"சரி. ஆனா ஜும்மாவுக்குக் கடையச் சாத்துறதுக்குள்ள நான் நர்சரிக்குப் போன் போட்டாகணும். வெரசாப் பாருங்க."

உர மூட்டையின் மேல் பட்டியலைப் பரப்பினோம். ஒரு வாரமாகச் செய்ததைக் கொஞ்ச நேரத்தில் தலைகீழாக்க வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். நாங்கள் இருக்கும் மாதங்களை அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் மனதுக்குள் ஏரியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். ஆடிச் சாரலில் டாலியா. புரட்டாசியில் ஆஸ்டர். ஐப்பசியில் ஊதா சால்வியா. வெல்வெட் மாதிரி இருக்கும், மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். தையில் ஒரு சரிவு வீட்டின் வேலியோரம் தீவட்டி பிடித்ததுபோல் சிவப்பும் மஞ்சளுமாக நின்றதே, அது. பெயர் வாயில் வரவில்லை. பாயின் போனில் படம் தேடிக் காட்டினேன்.

பூண்டு விதைக்குக் காத்திருந்த, மேல்மலைப் போளூர் விவசாயி ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டார். "ஐப்பசி அடமழையில பூத்தா பாக்க யாருங்க வருவா?"

"யாரும் வர வேணாம்ண்ணே" என்றாள்.

அகபாந்தஸை அடிக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அவளே விட்டுக்கொடுத்தாள். "ஒண்ணு கெடக்கட்டும். மதுரைக்காரங்களுக்கும் பின்னால நிறுத்த ஏதாச்சும் வேணும்ல." பாய் ஒரு கையால் கதவை இழுத்துக்கொண்டே மறு கையால் போன் போட்டார்.

ஆனியில் செடிகள் வந்தன, நட்டோம். டாலியா ஏமாற்றியது, இலையாக வளர்ந்தது. புரட்டாசி கடைசியில் ஆஸ்டர் மூன்று பூ விட்டது. ஐப்பசியில் ஒரு நாள் வெள்ளனே அவள் கூப்பிட்ட குரலுக்கு நான் செருப்பு மாட்டாமல் ஓடினேன். மழைக்கு நடுவே, ஜன்னலுக்கு நேரே, சால்வியா புதர் முழுக்க ஊதா.

அவள் போனில் ஒரு படம் எடுத்து மதுரைக்காரர்களுக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. "சூப்பர் ஆன்ட்டி. நாங்க வந்தப்ப இது இல்லையே?"

வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுப்பிலிருந்த பாலை இறக்கிவிட்டு மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள்.