இலை பூசிய வட்டம்

மல்லாந்து படுத்தால் என் மனைவிக்கு மூச்சு அடைத்தது. உத்திரமேரூரில் ஆஸ்துமா என்று மருந்து தந்தனர், குறையவில்லை. சென்னை மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து, மூச்சை இயக்கும் நரம்பு ஒருபுறம் செயலிழந்திருக்கிறது என்றார். பிறகு, "மாட்டு உண்ணி ஏதாவது கடிச்சுதாம்மா? தோல்ல வட்டமா சிவந்துச்சா?" என்று வினவினார்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல சார்," என்றாள் அவள், என்னைப் பாராமலே.

இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன் அவள் தொடையில் தோன்றிய வட்டத்தைப் படர்தாமரை என்று தீர்மானித்து, சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசியவன் நான். அது மறைந்ததும் வைத்தியம் பலித்தது என்று கருதினோம். நடந்ததை மருத்துவரிடம் சொன்னேன்.

"உண்ணி கடிச்சு வர்ற லைம் நோயா இருக்கலாம். அந்த வட்டம் தானாவே மறைஞ்சிடும், நோய் உள்ளே தங்கிடும். நம்ம பக்கம் ரொம்ப அபூர்வம்," என்று அவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

வெளியே வந்ததும் அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஊருக்கே எலை அரைச்சிக் குடுக்கிற மனுசன், இங்க வந்து மானத்த வுட்டுட்டியே," என்றாள்.

எனக்கு வெட்கமோ வருத்தமோ தோன்றவில்லை. அவளுக்கு மூச்சு சீராகும்வரை தோளைப் பிடித்தபடி நின்றேன். பின்னர் ரத்தம் எடுக்கும் அறை எங்கே என்று விசாரித்தேன்.