சண்டை போடலாம் என்றார் டாக்டர்

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில்தான் அது தெரிந்தது. என் கணவரின் வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் மூன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு வீங்கியிருந்தது.

"இப்பம் ஆபரேஷன் வேண்டாம். சிகரெட்டை விடணும், பிரஷர் மாத்திரையை விடக்கூடாது, வருஷத்துக்கு ஒருக்க ஸ்கேன் பாப்போம்" என்றார் திருநெல்வேலி டாக்டர். பயத்தில் வேறெதுவும் கேட்காமல் சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறிவிட்டோம்.

மறுநாளே சிவகிரியிலிருந்து என் கணவரின் அக்கா வந்து சட்டம் போட்டார். "தம்பி சத்தமாப் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. கோவம் வந்தா வெடிச்சிரும்."

என் கணவருக்குப் பூ மார்க்கெட்டில் ஏலம் விடும் வேலை. அவர் கூவினால் தெருமுனை வரை கேட்கும். அன்றுமுதல் சிலேட்டில் விலை எழுதிக் காட்டினார். பனவடலிசத்திரத்துப் பூக்காரர் ஒருவர், "அண்ணாச்சி மௌன விரதமா?" என்று கேட்டாராம்.

வீட்டிலோ என் கணவர் வைத்ததுதான் சட்டம். தாலுகா ஆபீஸில் யாருக்கும் பணியாத நான் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றேன். மாடியில் புறா வளர்க்க ஆசை என்றார். சரிங்க என்றேன். எட்டுப் புறாக்கள் வந்து, காயப்போட்ட துணியெல்லாம் நாசம்.

அடுத்த மாதம் பிரஷர் பார்க்கப் போனபோது டாக்டரிடம் கேட்டே விட்டேன். "சார், இவங்க சத்தம் போடலாமா?"

"சத்தம் போடலாம், சிரிக்கலாம், வீட்ல சண்டையும் போடலாம். சிகரெட்டுதான் கூடாது. திடீர்னு வயித்துலயோ முதுகுலயோ தாங்கமுடியாத வலி வந்தா மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

என் கணவரின் முகம் தொங்கிவிட்டது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும், "புறா நாளைக்கே போயிரணும்" என்றேன்.

"ஏட்டி, எனக்கு உடம்பு சரியில்லலா?"

"சண்டை போடலாம்னு டாக்டரே சொல்லுதாருல்லா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. நான் பயப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சிகரெட்தான் லேசில் விடவில்லை. முப்பது வருஷப் பழக்கம். கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். கிராம்பு போட்டு வைத்தேன். இரண்டு தடவை தவறினார், இரண்டு தடவையும் அவரே வந்து சொன்னார். பிறகு தொடவில்லை.

ஒவ்வொரு வருஷமும் ஸ்கேனுக்கு முந்தின வாரம் மட்டும் இருவருக்கும் சோறு இறங்காது. இந்த வருஷமும் அளவு மாறவில்லை. வெளியே வந்து ஆளுக்கு இரண்டு செட் பூரி சாப்பிட்டோம்.